உஷார்! உங்கள் பெயரில் கட்சி நன்கொடையா?

"உங்க அக்கவுன்ட்ல கொஞ்சம் பணம் போட்டிருக்கோம், அதை இந்தக் கட்சிக்கு அனுப்பிடுங்க." ஆபீசில் இப்படி யாராவது சொன்னால் அனுப்பாதீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள்!

எங்களுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. மார்ச் கடைசி வாரம். 'இன்சென்டிவ்' என்று 19,500 ரூபாய் விழுந்தது. சந்தோஷத்தில் அம்மாவுக்கு மெசேஜ்கூடப் போட்டுவிட்டாள். அரை மணி நேரத்தில் மேனேஜரிடமிருந்து ஒரு கியூஆர் கோடு. கூடவே பெயர்ப் பட்டியல். டிக் விழாத மூன்று பேரில் இவளும் ஒருத்தி. "முடிச்சாச்சா?" என்று மணிக்கொரு தரம் வாட்ஸ்அப். அப்ரைசல் நேரம் வேறு. பயந்துபோய் அனுப்பிவிட்டாள். வரிச்சலுகை கிடைக்கும் என்று சொல்லி, அவர்களே ஆள் வைத்து ரிட்டர்னும் போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வருமான வரி நோட்டீஸ் வந்தது. மேனேஜர் பெயருக்கு இல்லை, இவள் பெயருக்கு! அந்தக் கட்சியின் பெயரைக்கூட இவளால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

அது ஏன் 19,500? ஒருவர் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் கட்சி அவர் விவரத்தைத் தேர்தல் ஆணையத்துக்குத் தரவேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு தொகை கேட்டாலே உஷாராகிவிடுங்கள். கம்பெனி நேராகக் கொடுத்தால் போர்டு தீர்மானம் வேண்டும், கணக்கில் காட்டவேண்டும். தொடங்கி மூன்று வருஷம் ஆகாத கம்பெனி கொடுக்கவே கூடாது. அதனால்தான் உங்கள் பான் நம்பர் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

கேள்விப்படாத கட்சி, வந்த கையோடு போகும் பணம், "ரசீது அப்புறம் தர்றோம்" என்ற பேச்சு, கமிஷன் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் தருகிறேன் என்ற ஏஜென்ட். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் ஒதுங்கிவிடுங்கள். கட்சி நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு, 80ஜிஜிசி என்று சட்டப்பிரிவைச் சொல்லி அசத்துவார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அறவே கிடையாது. போலி வரிக்கழிவுகளைத் தேடி 2025 ஜூலையில் மட்டும் நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை இறங்கியது. பொய்க் கணக்கு என்று முடிவானால் ஏய்த்த வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம். வட்டி தனி!

சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறோம் என்பார்கள். முதலாளி எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் கட்சி நன்கொடை இல்லை. அரசு ஊழியராக இருந்தால் இன்னும் ஆபத்து. கட்சிக்குப் பணம் கொடுப்பதே நடத்தை விதிமீறல்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஆடிட்டரிடம் போய், திருத்திய ரிட்டர்ன் போட வழியிருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வற்புறுத்தி வந்த ஒவ்வொரு மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அந்தப் பெண்ணிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழைய ஃபோனோடு போய்விட்டது.