தொழிலாளி இறந்த பின்: முதலாளியின் இரக்கம் எங்கே தொடங்க வேண்டும்?

கோவை கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் உள்ள பல லேத் பட்டறைகளில் ஐந்து பேர், எட்டுப் பேர்தான் வேலை செய்வார்கள். முதலாளியும் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒரு மெஷினில் நிற்பார். தொழிலாளி வீட்டுக் காதுகுத்துக்கு முதலாளி மொய் வைப்பார். முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தொழிலாளி முந்தின நாளே போய்ப் பந்தல்கால் நடுவார். இப்படி ஒரு குடும்பம்போல ஓடும் இடத்தில் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், அது வெறும் ஆள் பற்றாக்குறையாக இருப்பதில்லை.

அன்று பட்டறை மூடப்படும். முதலாளி மாலையோடு போவார். அடக்கச் செலவுக்கு ஒரு தொகையைக் குடும்பத்தின் கையில் கொடுப்பார். கருமாதிக்கு வருவார், முப்பதாம் நாள் திருப்பலியிலோ கத்தம் ஓதும் வீட்டிலோ போய் உட்கார்வார். இதுவரை பெரும்பாலோர் குறை வைப்பதில்லை. குறை வருவது அதற்குப் பிறகுதான். உறவினர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். அப்போது அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்க வேண்டும், அதில் முதலாளியின் பங்கு என்ன?

நோட்டில் நிற்கும் முன்பணம்

சிறு தொழிலில் அட்வான்ஸ் இல்லாத தொழிலாளி அபூர்வம். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, ஆடி மாதத்து வட்டி என்று வாங்கியதெல்லாம் நீள நோட்டில் அவர் பெயருக்குக் கீழே வரிசையாக இருக்கும். அவர் இறந்ததும், “வர வேண்டியதில் இதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன்” என்று முதலாளி சொல்வது இயல்பாகத் தோன்றும். சட்டம் அதை ஏற்பதில்லை. விபத்து இழப்பீட்டிலிருந்து எந்தக் கடனையும் கழிக்க முடியாது. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் கடனுக்காகப் பறிமுதல் ஆகாதபடி பாதுகாக்கப்பட்டவை.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காக மகனோ மனைவியோ வேலை செய்து கழிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். நோட்டில் அவர் பெயர் உள்ள பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, “தீர்ந்தது” என்று எழுதி, அதை அவர் மனைவியிடம் காட்டிவிடுவதே நல்லது. ஊர்க்காரர்கள் யாரும் பார்க்காத இடத்தில் செய்கிற தர்மம் அது.

என்னென்ன வர வேண்டும்?

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கியிருக்கிறது. கீழே உள்ள உரிமைகளின் அடிப்படை அப்படியே இருக்கிறது.

இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பொருந்தும். சேமிப்புத் தொகை வாரிசுக்கு வரும். அதோடு பலர் கேட்டே இராத இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடும் உண்டு. இதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை செய்தவர் பணிக்காலத்தில் இறந்தால், காரணம் எதுவானாலும், குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரே ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாகவும் வரும்.

பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை இரண்டும் பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருவார்கள். இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். வேலை காரணமான விபத்தில் இறந்திருந்தால், சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். பணிக்கொடைக்கு ஐந்தாண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி மரணத்துக்குக் கிடையாது. 13,000 ரூபாய் சம்பளத்தில் பன்னிரண்டு ஆண்டு உழைத்தவர் என்றால், ஆண்டுக்குப் பதினைந்து வேலைநாள் சம்பளமான 7,500 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும்: 90,000 ரூபாய். பலர் இதைக் கேட்பதில்லை என்பதற்காக இது இல்லாமல் போவதில்லை.

கையில் கொடுத்தால் கணக்கில் வராது

இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறையில் விபத்து மரணம் நேர்ந்தால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000. நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. ஆக, 7,500-ஐ அதனால் பெருக்கினால் 13,81,275 ரூபாய். பட்டறையையே விற்க வைக்கும் தொகை இது. இதற்கென்று உள்ள காப்பீட்டுப் பாலிசியை எடுத்து வைப்பது, தொழிலாளிக்கு எவ்வளவு காப்போ, முதலாளிக்கும் அவ்வளவு காப்பு.

நல்ல மனதோடு தவறு செய்யும் இடமும் இதுதான். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகை பேசி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்தது நீங்கலாக, நேரடியாகக் கையில் கொடுத்தது இழப்பீடாக ஏற்கப்படாது. இந்த ஏற்பாடு யாருக்கும் எதிரானதல்ல. விதவையிடமிருந்து மைத்துனரும் கடன்காரரும் பணத்தைப் பறித்துவிடாமல், அவரவர் பங்கு அவரவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது.

சமயம் சொல்லும் வரிசை

ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பொரியும் போனஸும் கொடுக்கிறோம். அந்த மெஷினை ஓட்டியவரின் உழைப்பும் அன்றைய பூஜையில் சேர்ந்துதான் இருக்கிறது. உழைத்தவரின் வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகளாரின் போதனை. பொழுது சாய்வதற்கு முன் அன்றைய கூலியைக் கொடு என்கிறது விவிலியத்தின் இணைச்சட்ட நூல். திருக்குறளில் கண்ணோட்டம் என்ற அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், ஆட்சி நடத்துபவனுக்குச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. நிர்வாகம் செய்கிறவனுக்கு இரக்கம் தொழிலின் ஒரு பகுதி என்பதே இதில் தெரிவது.

எல்லாச் சமயங்களும் ஒரே வரிசையைத்தான் வைக்கின்றன. சேர வேண்டியதை முதலில் கொடு. தானத்தை அதன் பிறகு கொடு. பணிக்கொடையை மறைத்துவிட்டு அன்னதானம் போடுவது பக்தி ஆகாது.

“பையனை அனுப்பி வையுங்க”

துக்க வீட்டில் முதலாளிகள் மனமுருகிச் சொல்லும் வாக்கு இது. பதினைந்து வயதுப் பையன் என்றால் இதைச் சொல்லவே கூடாது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும், 18 வரை ஆபத்தான வேலையும் சட்டப்படி தடை. தகப்பன் செத்த மாதத்தில் பள்ளியை விட்ட பிள்ளை திரும்பிப் போவது மிகக் கடினம். அவன் சம்பளமாகக் கொடுக்க நினைத்ததில் ஒரு பகுதியைப் பள்ளிக்குக் கட்டி, பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடிக்க வைத்து, அதன் பிறகும் அவன் விரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

உடன் வேலை செய்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. இறந்தவர் நின்ற மெஷினில் மறுநாளே இன்னொருவரை நிறுத்தினால் கை நடுங்கும். அவருடைய டிபன் பாக்ஸும் மாற்றுச் சட்டையும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஒருவர் எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். விபத்து நடந்த பவர் பிரஸ் என்றால் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி ஓட்டத் தொடங்குவார்கள். அந்த நம்பிக்கையில் தவறில்லை. கழற்றி வைத்த பாதுகாப்புத் தடுப்பை மாட்டிவிட்டு அதைச் செய்ய வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

ஒரு மரணத்துக்குப் பிறகு அலைவதில் பாதி, காகிதம் இல்லாததால் வருவது. கல்யாணத்துக்கு முன் அம்மாவை பி.எஃப். வாரிசாகப் போட்டவர்கள் ஏராளம். கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும். மரணம் நேர்ந்துவிட்டால், அதை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் பெண்ணை ஒவ்வோர் அலுவலகமாக அலைய விடாமல், பட்டறையில் கணக்கு எழுதுபவரை இரண்டு நாள் உடன் அனுப்பினால் அது பெரிய உதவி.

எட்டுப் பேர் மட்டும் உள்ள பட்டறைக்கும் வழி உண்டு. தகுதியுள்ளவர்களைத் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து வைக்கலாம். 50 வயதுக்குள் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரலாம். 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு தரும் சுரக்ஷா திட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் காப்பீடு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,648 ரூபாய்தான். ஜூன் முதல் தேதி புதுப்பிப்பு நடப்பதால், மே மாதச் சம்பளத்தோடு ஆளுக்கு 456 ரூபாயை முதலாளியே சேர்த்துப் போட்டுவிடலாம்.

இந்த வாரம் பட்டறையில் அனைவரையும் உட்கார வைத்து, வாரிசுப் பெயர் சரியாக இருக்கிறதா, காப்பீடு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நாளை அவர்களில் ஒருவர் வீட்டு வாசலில் மாலையோடு நிற்க நேர்ந்தால், அந்தப் பிள்ளைகளின் முகத்தை நேராகப் பார்க்க முடிய வேண்டும்.