நூற்றைந்தும் ஆயிரத்தைந்தும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் என்னதான் கிடைக்காது? பழைய கடிகாரம், கால் ஒடிந்த நாற்காலி, யார் வீட்டுப் பரணிலோ கிடந்த பித்தளைக் கூஜா! அந்தக் கூட்டத்தில், பம்மலில் எங்கள் தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா சட்டைப் பொத்தான்களைப் படி கணக்கில் பேரம் பேசிக் கொண்டிருந்தார்.

"இத்தனை பொத்தானும் எந்தச் சட்டைக்கு டீச்சர்?" என்றேன்.

"சட்டைக்கில்லை அக்கா, கணக்குக்கு!" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது விஷயத்தைச் சொன்னார். அவருடைய மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். நூற்றைந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவான். "இருபது வருஷமா இப்படி எழுதுற பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக்கிட்டிருந்தேன். ஏன் அப்படி எழுதுறான்னு ஒரு நாளும் கேட்கத் தோணலை."

பையன் செய்தது யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நூறு என்றார்கள், 100 போட்டான். ஐந்து என்றார்கள், பக்கத்தில் 5 போட்டான். காது கேட்டதைக் கை எழுதியது. இதைக் கண்டுபிடிக்க டீச்சரம்மாவுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வேண்டியிருந்தது.

கொரோனாக் காலத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் பட்ட பாடு நினைவிருக்கிறதல்லவா? 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. பள்ளிக்கூட வாசலையே பாராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தைகள் உண்டு. அதற்காகத்தான் 2022 ஜூன் 13-ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை.

புத்தகம் அச்சடித்துக் கொடுத்தால் போதுமா? சொல்லிக் கொடுப்பவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? ஆசிரியர் கையேடு வந்தது. வட்டாரம் தோறும் பயிற்சி நடந்தது. தலை நரைத்த உபாத்தியாயர்கள் எழுந்து நின்று அபிநயத்தோடு பாடினார்கள். காகிதத்தில் பொம்மை செய்து ஆட்டினார்கள். "முதல் நாள் வெட்கமாத்தான் இருந்தது" என்கிறார் டீச்சரம்மா. வெட்கம் தெளிந்த பிறகு அவர் கற்றுக் கொண்டது ஈர்க்குச்சிக் கணக்கு. பத்துக் குச்சி ஒரு சின்னக் கட்டு. பத்துச் சின்னக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. நூற்றைந்து என்றால் பெரிய கட்டு ஒன்று, உதிரி ஐந்து. நடுவில் சின்னக் கட்டே இல்லை. அந்த இல்லாத கட்டின் இடத்தில்தான் பூஜ்யம் உட்காருகிறது! பையன் இரண்டு நாள் கட்டிக் கட்டி அவிழ்த்தான். மூன்றாம் நாள் தானாகவே 105 எழுதினான்.

புது வழி என்றால் வாத்தியார்கள் தயங்குவது இன்று நேற்றைய சமாசாரமல்ல. 1789-இல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாதென்று கை விரித்தார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வைத்தார்! 1797-இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது சீமையெல்லாம் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

இனி, தாய்மார்கள் சங்கதி. புதிய திட்டத்தில் குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பெயர் அழகுதான். ஆனால், "பக்கத்து வீட்டுப் பெண் மலராம், என் பிள்ளை மட்டும் ஏன் டீச்சர் இன்னும் அரும்பு?" என்று பள்ளிக்கூட வாசலிலேயே ஒரு தாய் கண் கலங்கினாளாம். பூவின் பெயர் வைத்தாலும் வரிசை வரிசைதானே! அந்தத் தாயிடம் டீச்சரம்மா வேறொன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக எண்ணச் சொல்லுங்கள், பஸ் பலகையைக் குழந்தையே படிக்கட்டும், முந்திக்கொண்டு நீங்கள் படித்து விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

105 எழுதிய பையன் இப்போது சும்மா இருப்பதில்லை. எண்பது வரை கட்டிவிட்டு, "டீச்சர், எட்டுக் கட்டு எண்பது. ஒன்பது கட்டுக்கு மட்டும் தொண்ணூறுன்னு ஏன் நூறு வருது? இங்கே நூறே இல்லையே!" என்று கேட்டிருக்கிறான். தொல்காப்பியர் இதற்கு விதி எழுதி வைத்திருக்கிறார். எட்டு வயதுக்கு அந்த விதியை எப்படிச் சொல்வது? டீச்சரம்மா அந்தக் கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார், அடுத்த பயிற்சி வகுப்பில் கேட்பதற்கு.