முக்கால் வாளித் தண்ணீர்

கோடை விடுமுறை வந்தால் கிணறு, ஏரி, குளம் என்று எச்சரிக்கத் தொடங்கிவிடுகிறோம். நடை பழகும் குழந்தை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாத்ரூம் வாளியே போதும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயது நிரம்பாத குழந்தைகள். கொதிக்கும் சாம்பார், பிளக் பாயிண்ட் என்று வீட்டில் பயப்பட எத்தனையோ உண்டு. ஆனால் சூடு பட்ட குழந்தை அலறும், நாம் ஓடுவோம். வாளிக்குள் தலைகுப்புற விழுந்த குழந்தையால் கத்த முடியாது.

ஒரு வயதுக் குழந்தை 9, 10 கிலோ இருக்கும். உடம்பைப் பார்க்கத் தலை கனம். மிதக்கும் மக்கை எட்டி எடுக்கக் குனிந்தால் தலை முன்னே இழுக்கிறது, பாதம் தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. ஊன்றி எழக் கையில் வலுவில்லை. வாளியாவது சாய்ந்தால் பிழைக்கும். 15 லிட்டர் தண்ணீரோடு நிற்கும் வாளி குழந்தையைவிடக் கனம், அசையாது. இதில் என் பெருங்கவலை பெயிண்ட் வாளிதான். வீட்டுக்கு பெயிண்ட் அடித்து முடித்ததும் மிஞ்சும் அந்த 20 லிட்டர் வாளி எத்தனையோ வீடுகளில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுகிறது. ஆழம் அதிகம், பக்கங்கள் ஏறக்குறைய செங்குத்து. இறுக்கமான மூடியோடுதான் வந்தது. அந்த மூடி முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். குறுகிய கழுத்துள்ள குடம் என்றால் குழந்தையின் தலை எளிதில் நுழையாது.

பெற்றவள் கவனமாக இருந்தால் இது நடக்குமா என்பார்கள். கவனம் வேண்டும்தான். ஆனால் மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். பொங்கும் பாலை இறக்கிவைத்து, காலிங் பெல்லுக்குக் கதவைத் திறந்துவிட்டு வர அந்த நேரம் ஆகிவிடும். எந்தத் தாயின் கண்ணையும் நம்பி விடக்கூடிய விஷயமில்லை இது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் பிடித்து வைக்காமல் எப்படி என்ற கேள்வி நியாயமானது. பிடித்து வையுங்கள், குடத்திலும் மூடி போட்ட டிரம்மிலும். குளித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும். அதையும் மீறி விழுந்துவிட்டால், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள். உள்ளே போக வேண்டிய காற்றுக்கு அது வீண் தாமதம். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பு எழும்பும் அளவுக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். பிறகு நடுமார்பை அழுத்துவதும் ஊதுவதும் மாறி மாறித் தொடர வேண்டும். 108ஐ அழைப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை. குழந்தை அழுதுகொண்டே எழுந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணற வைக்கலாம்.