கை எட்டாத பேட்டரி

கேரவான் வண்டிக்குள் ஏறியதும் கண்ணில் படுபவை கட்டில், சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், ஏசி. எஞ்சினை அணைத்த பிறகு விளக்குக்கும் ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மின்சாரம் தருவது வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி அல்ல. அதற்கெனத் தனியே ஒரு பேட்டரி வரிசை உண்டு. எடை அதிகம் என்பதால் அதைத் தாழ்வாக வைத்தாக வேண்டும். புழங்கும் இடத்தை அடைக்கக் கூடாது என்பதால் கட்டிலுக்கு அடியிலோ சேஸிஸை ஒட்டிய பெட்டியிலோ ஒளித்தாக வேண்டும். பிறகு கை எட்டாது. கேரள அரசு 2021-இல் ‘கேரவான் கேரளா’ திட்டத்தை அறிவித்த பிறகு, அயல்நாட்டு வண்டிக்காரர்களின் இந்தத் தலைவலி நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது.

எட்டாத இடத்தில் இருப்பதால் என்ன கெட்டுவிடும்? வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரி என்பது உண்மையில் 2 வோல்ட் செல்கள் ஆறு. ஒரு மூடியைத் திருகி டார்ச் அடித்துப் பார்த்தால், அமிலத்தில் மூழ்கிய தகடுகளின் விளிம்பு தெரியும். சார்ஜ் நிறைந்த பிறகும் பாயும் மின்சாரத்துக்குச் செய்ய வேறு வேலை இல்லை. அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிளக்கிறது. கந்தக அமிலம் அப்படியே இருக்க, தண்ணீர் மட்டும் குறைகிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் போதும், ஆசிட் வேண்டாம் என்பதன் காரணம் இதுதான். ஊற்ற மறந்தால் தகடுகளின் தலை காற்றில் காய்ந்து, அந்தப் பகுதி பிறகு வேலைக்கு ஆகாது. பிளந்த ஹைட்ரஜனும் சாதாரணமானதல்ல. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குத் தீப்பிடிக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் இந்த பேட்டரியை வைப்பது வண்டி கட்டுபவர் செய்யக்கூடிய பெரும் பிழை.

இதோடு வெப்பமும் சேர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழகிய கணக்கு. திருவனந்தபுரத்து வெயிலில் நிற்கும் வண்டியின் மூடிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்று டெர்மினலில் அரிப்பை வளர்ப்பது தனிக் கதை.

வண்டிப் பெட்டியாவது ஒருநாள் கழற்றித் திறக்கக் கூடியது. அதே நகரில், வேளியைத் தாண்டி தும்பாவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ஒருமுறை ஏவிய பிறகு எந்தக் கையும் தொட முடியாத கலங்களுக்காக லித்தியம்-அயான் செல்களை உருவாக்கிய இடம். விண்ணில் இருப்பதை எப்படிப் பராமரிப்பது?

புவிநிலைச் சுற்றுப்பாதையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஆண்டில் இரு பருவங்களில் பூமியின் நிழல் குறுக்கிடும். ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ 45 நாள்; நாளொன்றுக்கு அதிகபட்சம் 72 நிமிட இருட்டு. அந்த நிமிடங்களைக் கடத்துவது பேட்டரிதான். நிக்கல்-காட்மியம் காலத்தில், பருவம் தொடங்கும் முன் தரையிலிருந்து கட்டளை அனுப்பி பேட்டரியை மெல்ல மெல்ல வடியவிட்டு, மறுபடி நிறைப்பார்கள். செல்கள் இழந்த வலு ஓரளவு திரும்பும். தொடாமலே செய்யும் வைத்தியம்!

ஹபிள் தொலைநோக்கி இன்னும் வியப்பு. சுமார் 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அது, ஒவ்வொரு சுற்றிலும் நிழலுக்குள் போய் வருகிறது. 1990-இல் ஏறிய அதன் நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளை விண்வெளி வீரர்கள் மாற்றியது 2009 மே மாதத்தில். 19 ஆண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை வடிந்து நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கொள்ளளவில் சிறு பகுதியை மட்டுமே எடுத்ததும், குளிர்ச்சியாக வைத்திருந்ததும்தான் காரணம்.

செவ்வாயைச் சுற்றிய இஸ்ரோவின் மங்கள்யானில், பேட்டரியைக் காப்பாற்ற ஒருமுறை கலத்தையே நகர்த்தினார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு 36 ஆம்பியர்-மணி லித்தியம்-அயான் பேட்டரி. தாங்கக்கூடிய நிழல் நேரம் சுமார் 1 மணி 40 நிமிடம். அதைவிடப் பல மடங்கு நீளும் நிழல்கள் வரப்போவதைக் கணக்கிட்டு, 2017 ஜனவரியில் உந்திகளை எரித்து, செவ்வாயின் நிழலில் சிக்காதபடி சுற்றுப்பாதையை மாற்றினார்கள். அதற்குச் சுமார் 20 கிலோ எரிபொருள் செலவு. பேட்டரியைப் பழுதுபார்க்க முடியாது, ஆனால் அதற்கு வரும் பாரத்தைத் தள்ளிப்போடலாம் என்ற கணக்கு. ஆறு மாதத்துக்கென அமைத்த கலம் ஏறத்தாழ எட்டு ஆண்டு நின்றது. 2022 ஏப்ரலில் அடுத்தடுத்து நிழல்கள் வந்தன. ஒன்று ஏழரை மணி நேரம். அதன் பிறகு தொடர்பு இல்லை.

இந்த லித்தியம்-அயான் செல் தொழில்நுட்பத்தை இந்திய நிறுவனங்களுக்கு, ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய்க்குத் தர முன்வருவதாக 2018-இல் இஸ்ரோ அறிவித்தது. மின்வாகனங்களை மனத்தில் வைத்துத்தான். விண்கலத்துக்காகப் பிறந்த ஒழுக்கம் சாலைக்கும் பொருந்தும்: மிகவும் வடிய விடாதே, சூடாக்காதே, எட்ட இருந்தே அளந்துகொண்டிரு.

அளப்பதற்கு எளிய வழி உண்டு. சில மணி நேரம் ஓய்வாக இருந்த 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2-க்கு வந்தால் ஏறக்குறையப் பாதி. அதற்குக் கீழே விட வேண்டாம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது மட்டும் இரண்டு வகைக்கும் நேரெதிர் பத்தியம்: ஈய-அமிலத்தை முழு சார்ஜில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தகட்டில் ஈய சல்பேட் இறுகிவிடும். லித்தியத்துக்குப் பாதி அளவே நல்லது.

கேரவான் வாங்கவோ கட்டவோ போகிறவர்கள், மெத்தையை அழுத்திப் பார்க்கும் முன் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு கையும் ஒரு டார்ச்சும் உள்ளே போகாவிட்டால், எல்லா செல்லுக்கும் ஒரே குழாயில் தண்ணீர் போகும் மூடிகளைப் பொருத்தச் சொல்லுங்கள். அல்லது தண்ணீர் தேவைப்படாத பேட்டரியைக் கேளுங்கள். எதுவானாலும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும்படி ஒரு வோல்ட் மீட்டரைக் கட்டாயம் வைத்துவிடுங்கள்.