குருதிவழித் தூது

1910ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 23 வயதுப் பெண் ஒருவர் வந்தார். முகம் முழுநிலவுபோல் உருண்டிருந்தது. உடலின் நடுப்பகுதி பருத்திருந்தது. மிகுதியாக உண்டதன் விளைவு என்று எவரும் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய தோற்றம் அது. ஹார்வி குஷிங் என்னும் அறுவை மருத்துவர் அவ்வாறு ஒதுக்கவில்லை. 1912இல் தம் நூலில் அதனை விரிவாகப் பதிவு செய்தார். இருபது ஆண்டுகள் கழித்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியை இந்நிலையோடு தொடர்புபடுத்தினார். கார்டிசால் என்னும் இயக்குநீரின் மிகையே நோயின் வேர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்நோயில் கைகால்கள் மெலிய, வயிறும் பிடரியும் பருக்கும். உணவின் அளவு மட்டுமே கொழுப்பின் இருப்பிடத்தை முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அச்சமோ நோயோ உறக்கமின்மையோ உடலைத் தாக்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவற்றின் புறணிப்பகுதி கார்டிசாலைச் சுரக்கிறது. உடலின் சேமிப்பிலிருந்து ஆற்றலை விடுவித்து இடரை எதிர்கொள்ளச் செய்வதே அதன் பணி.

சுரந்த கார்டிசால் முழுவதும் உடனே செயற்படுவதில்லை. கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்கார்டின் என்னும் கடத்துப்புரதம் குருதியிலுள்ள கார்டிசாலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பற்றிக்கொள்கிறது. இன்னொரு பகுதியை ஆல்புமின் தளர்வாகப் பிடித்து வைக்கிறது. கட்டுப்படாமல் உலவுவது 5 விழுக்காட்டளவே. செல்களுக்குள் நுழைந்து ஆணையிடும் ஆற்றல் இச்சிறு பகுதிக்கே உண்டு. எனினும் டிரான்ஸ்கார்டினை வெறும் சுமைகூலியாகக் கருதுதல் பிழை. அழற்சியுற்ற இடத்தில் வெள்ளணுக்கள் வெளியிடும் ஒரு நொதி அப்புரதத்தை வெட்டுகிறது. பற்று தளர்ந்து கார்டிசால் அங்கேயே விடுபடுகிறது. காய்ச்சலின் வெப்பமும் அப்பிடியை நெகிழ்க்கும். சரக்கு எங்கே தேவையோ அங்கே இறங்குகிறது.

கொழுப்புத் திசுவில் முதிராத முன்னோடிச் செல்கள் காத்திருக்கின்றன. அவை முழுமையான கொழுப்புச் செல்களாக முதிர்வதற்குக் கார்டிசால் போன்ற இயக்குநீர்கள் துணைசெய்கின்றன. ஆய்வகத்தில் இச்செல்களை முதிரச் செய்வதற்கு, கார்டிசாலை ஒத்த டெக்சாமெத்தசோனையும் இன்சுலினையும் சேர்த்து இடுவது வழக்கம். பசித்திருக்கையில் கொழுப்பைக் கரைக்க உதவும் அதே கார்டிசால், இன்சுலின் மிகுந்திருக்கையில் அதனைச் சேமிக்கத் தூண்டுவது வியப்புக்குரியது. வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பில் இதற்கான ஏற்பிகள் மிகுதி. ஆகவே அங்கேதான் திரட்சி முந்துகிறது.

கொழுப்புத் திசு தானே கார்டிசாலை ஆக்கவும் வல்லது. அதிலுள்ள ஒரு நொதி, செயலற்ற கார்டிசோனைச் செயலுள்ள கார்டிசாலாக மாற்றுகிறது. கொழுப்புத் திசுவில் மட்டும் இந்நொதி மிகுந்திருக்குமாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. குருதியில் இயக்குநீரின் அளவு உயராமலேயே அவற்றின் வயிற்றில் கொழுப்பு திரண்டது. குருதியை மட்டும் அளந்தவர்க்கு அக்காரணம் புலப்பட்டிராது.

கடத்துப்புரதத்தின் அளவும் நிலையானதன்று. ஆய்வகத்தில் வளர்த்த கல்லீரல் செல்களில் இன்சுலின் அதன் சுரப்பைக் குறைத்தது. உடற்பருமன் மிகுந்தோரிடம் அப்புரதம் சற்றுக் குறைந்திருப்பதையும் சில ஆய்வுகள் கண்டன. இவற்றுள் எது காரணம், எது விளைவு எனப் பிரிப்பது எளிதன்று. அன்றாடக் கவலை ஒவ்வொன்றும் குஷிங் நோயை விளைவிக்கும் என்று அஞ்சுவதும் பொருந்தாது.

இதே புரதம் மருத்துவரையும் மயக்கக்கூடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மருந்துகளை உட்கொள்வோர்க்கு டிரான்ஸ்கார்டின் பெருகும். அதனால் குருதியின் மொத்தக் கார்டிசால் உயர்ந்து காட்டும், நோயோ இராது. ஆகவே நள்ளிரவு நெருங்கும் வேளையில் உமிழ்நீரைச் சேகரித்து அளப்பர். நலமுடையோர்க்குக் கார்டிசால் காலையில் உச்சத்தையும் அவ்வேளையில் தாழ்நிலையையும் அடைகிறது. குஷிங் நோயிலோ இரவிலும் தாழ்வதில்லை. உமிழ்நீருக்குள் புகுவது கட்டுப்படாத கார்டிசாலே; கடத்துப்புரதம் குருதியிலேயே நின்றுவிடுகிறது.