நிலாவில் விட்டுவிட்டு வந்த பையன்

கதாநாயகன் விண்வெளியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கீழே பூமியில், அவனை மீட்டுவர இரண்டு பெண்கள் ராக்கெட் கட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். 'தொடரும்' என்று போடாத குறையாக அத்துடன் முடிகிறது 'மெகா மேன் லெஜண்ட்ஸ் 2'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2000-ல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட கேம் இது. அந்த ராக்கெட் இன்றுவரை கிளம்பவில்லை.

நீலக் கவசமும் கையில் பீரங்கியுமாகத் துள்ளித் துள்ளி ஓடும் மெகா மேனை 1987 முதல் உலகம் அறியும். 1997-ல் வந்த 'லெஜண்ட்ஸ்' அவனை முப்பரிமாண உலகத்துக்குள் இறக்கிவிட்டது. கடல் சூழ்ந்த பூமி, அங்கங்கே தீவுகள், தீவுகளுக்கு அடியில் பழைய நாகரிகத்தின் இடிபாடுகள், அவற்றைத் தோண்டிப் பிழைக்கும் ஒரு பையன். வில்லத்தனம் செய்ய வரும் கொள்ளைக்காரக் குடும்பத்துப் பெண் டிரான் பான், அவன்மேலேயே ஆசைப்பட்டுத் தடுமாறுவாள். அவளுக்கு எடுபிடியாக மஞ்சள் தலையோடு நாற்பது குட்டி ரோபோக்கள். விற்பனையில் இந்த வரிசை ஒருபோதும் முன்வரிசையில் நின்றதில்லை. ஆனால் வாங்கியவர்கள் விடவே இல்லை. பத்து வருடம் மூன்றாம் பாகம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2010 செப்டம்பர் 29 அன்று பதில் வந்தது. நிண்டெண்டோவின் புதிய கையடக்கக் கருவியான 3டிஎஸ்-க்கு 'லெஜண்ட்ஸ் 3' தயாராகிறது என்று அறிவித்தார்கள். முன்னால் நின்றவர் கெய்ஜி இனாஃபுனே. மெகா மேனின் முகமாகவே ரசிகர்கள் பார்த்த மனிதர். அறிவிப்போடு கூடவே வந்தது 'டெவ்ரூம்'. கேம் உருவாகும் அறையின் கதவை ரசிகர்களுக்குத் திறந்துவிடும் இணையதளம் அது, ஜப்பானிய மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு கதாநாயகி வேண்டும். கேப்காமின் ஓவியர்கள் ஆளுக்கொரு விதமாக வரைந்த உருவங்களைப் பரப்பிவைத்து, எவள் வேண்டும் என்று ரசிகர்களையே கேட்டார்கள். ஓட்டு எண்ணி ஜெயித்த பெண்தான் ஏரோ. டிரான் பான் குடும்பம் ஓட்டிவரும் ராட்சத இயந்திரத்துக்குப் போட்டி வைத்தபோது ரசிகர்களே வரைந்து அனுப்பினார்கள். குழுவில் வேலை செய்பவர்கள் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். கேள்விக்குப் பதில் சொன்னார்கள். பாதியில் நிற்கும் ஓவியம், நிறம் தீட்டாத சட்டகம் என்று வழக்கமாகப் பூட்டி வைக்கும் சரக்கெல்லாம் வெளியே வந்தது. ஒரு கேமின் ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரே மாதத்தில் இனாஃபுனே கேப்காமை விட்டே விலகினார். இருபத்து மூன்று வருட உறவு. குழு இருக்கிறது, வேலை தொடரும் என்று ரசிகர்களுக்குத் தைரியம் சொன்னார்கள். தொடரவும் செய்தது.

இன்னொரு விஷயமும் மெல்ல வெளியே வந்தது. இந்த கேமைத் தயாரிக்க மேலிடம் முழு ஒப்புதல் தரவே இல்லை. அறிவித்தாயிற்று, கதாநாயகியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பச்சைக்கொடி மட்டும் பாக்கி. பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, சமைப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதுபோல. ஒப்புதல் வாங்க ஒரு வழி சொன்னார்கள். கேமின் சிறு பகுதியை 'புரோட்டோடைப்' என்ற பெயரில், 3டிஎஸ்-இன் ஆன்லைன் கடையில் இரண்டு டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக விற்போம். வரவேற்பைப் பார்த்து மேலிடம் முடிவெடுக்கும். 2011 ஜூனில் கடை திறந்தது. புரோட்டோடைப் வரவில்லை, தள்ளிப்போகிறது என்றார்கள். ஜூலை 18 அன்று கதையே முடிந்தது. தேவையான தகுதிகளை எட்டவில்லை என்பதால் கேமும் கிடையாது, புரோட்டோடைப்பும் கிடையாது என்று கேப்காம் அறிவித்தது.

எனக்கு இதில் உறுத்துவது அந்த இரண்டாவது பாதிதான். வரவேற்பைப் பார்க்கத்தான் புரோட்டோடைப் என்றால், அதை விற்றுப் பார்க்காமலே வரவேற்பு போதாது என்று எப்படித் தெரிந்தது?

கணக்குப் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 3டிஎஸ் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்த கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கேம் ரத்தான பத்தே நாளில், விலையை 15,000 யென்னாகக் குறைப்பதாக நிண்டெண்டோ அறிவித்தது. விற்காத கருவிக்கு, பெரிதாக விற்றிராத வரிசையின் மூன்றாம் பாகம். அதுவும் அதைத் தொடங்கிவைத்தவர் போன பிறகு. எந்தக் கம்பெனியின் கணக்காளரும் பேனாவை எடுத்து அடித்துவிடுவார். அதைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ரசிகர்களை அழைத்திருக்கலாம் என்பதுதான் வழக்கு.

அடுத்து நடந்தது வெந்த புண்ணில் வேல். கேப்காமின் ஐரோப்பியப் பிரிவு ட்விட்டரில், ரசிகர்கள் இன்னும் கூடுதலாகப் பங்கெடுக்காதது வருத்தம் என்கிற பொருளில் எழுதிவைத்தது. மாதக்கணக்காக ஓட்டுப் போட்டு, படம் வரைந்து அனுப்பியவர்களிடம் சொல்கிற வார்த்தையா இது? அமெரிக்கப் பிரிவு அவசர அவசரமாக வந்து, தவறு ரசிகர்கள்மேல் இல்லை என்று சமாளித்தது. அதே ஜூலையில் அறிவிக்கப்பட்ட 'அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3' சண்டை கேமில் மெகா மேனுக்கு இடமில்லை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' கேமில் இடம் கொடுத்தார்கள், தொப்பை போட்ட நடுத்தர வயதுக்காரனாக. 1987 கேமின் அமெரிக்க அட்டைப் படம் படுமோசமாக இருந்ததை வைத்து வேடிக்கை செய்ததாக விளக்கம். வேறொரு வருடத்தில் செய்திருந்தால் ரசிகர்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள்.

கதையில் பையன் சிக்கியிருக்கும் இடம் பூமியைச் சுற்றிவரும் எலிசியம். ரசிகர்கள் சுருக்கமாக 'நிலா' என்றார்கள். 'என்னை நிலாவிலிருந்து இறக்குங்கள்' என்று ஃபேஸ்புக்கில் கிளம்பிய இயக்கம், ஒரு லட்சம் பேரைத் திரட்டிக் காட்டுவதாகச் சபதம் போட்டது. வெளியிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் நானே முடித்துத் தருகிறேன் என்று கேட்டதாகவும், கேப்காம் மறுத்துவிட்டதாகவும் இனாஃபுனே பின்னாளில் சொன்னார். அவர்மேல் அனுதாபம் மலைபோல் குவிந்தது.

அனுதாபம் 2013-ல் பணமாகவே மாறியது. மெகா மேனின் வாரிசு என்று சொல்லாமல் சொல்லும் 'மைட்டி நம்பர் 9' கேமுக்காக கிக்ஸ்டார்ட்டரில் 9 லட்சம் டாலர் கேட்டார் இனாஃபுனே. 67,000 பேருக்கு மேல் சேர்ந்து 38 லட்சம் டாலர் கொட்டினார்கள். கேம் தள்ளித் தள்ளிப் போய் 2016 ஜூனில் வந்தது, விமர்சகர்கள் கிழித்தார்கள். வருவதற்கு முந்தைய மாதம் விட்ட டிரெய்லரோ அனிமே ரசிகர்களைக் கேலி செய்தது. காசு கொடுத்தவர்களில் அவர்களும் உண்டுதானே! இடையில் 2015-ல், 'லெஜண்ட்ஸ்' சாயலில் 'ரெட் ஆஷ்' என்று இன்னொன்றுக்கு 8 லட்சம் டாலர் கேட்டார். முதல் கேமே கைக்கு வராதபோது இரண்டாவதற்கு யார் கொடுப்பார்கள்? தொகை தேறவில்லை.

ஆக, கம்பெனியை நம்பியவர்களுக்குக் கிடைத்தது ரத்து அறிவிப்பு, மனிதரை நம்பியவர்களுக்குக் கிடைத்தது சுமாரான சரக்கு. இரண்டில் முதலாவது ஏமாற்றம்தான் நீடிக்கிறது. வந்த கேமைத் திட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடலாம். வராத கேமில் குறையே கிடையாது. ஏரோ எப்படிப் பேசியிருப்பாள் என்று இன்னும் கற்பனை செய்கிறார்கள்.

ரசிகர்களோடு கைகோத்தால் உருப்படாது என்றும் சொல்லிவிட முடியாது. 2012-ல் சிங்கப்பூர் ரசிகர் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன்' கேமை அதே கேப்காம் ஏற்றுக்கொண்டு, மெகா மேனின் 25-ம் ஆண்டுக்காக இலவசமாக வெளியிட்டது. ஆசைகாட்டி முன்கூட்டியே முழங்கவில்லை. முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கைதட்டு வாங்கினார்கள்.

லெஜண்ட்ஸ் 1, 2 இரண்டையும் பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில் அமெரிக்க ரசிகர்களுக்கு மீண்டும் விற்றார்கள். 2018-ல் 'மெகா மேன் 11' வந்தது. நிலாவில் இருப்பவனைப் பற்றிப் பேச்சில்லை. புரோட்டோடைப் விற்றிருக்க வேண்டிய 3டிஎஸ் கடையையும் 2023 மார்ச்சில் நிண்டெண்டோ மூடிவிட்டது. மறு வருடம் கேப்காம் இணையத்தில் ஒரு 'தேர்தல்' நடத்தி, எந்தக் கேமுக்கு அடுத்த பாகம் வேண்டும் என்று உலகெங்கும் ரசிகர்களைக் கேட்டது. முதலிடம் பிடித்தது 'டைனோ கிரைசிஸ்'. அதன் ரசிகர்கள் ஓட்டு முடிவைக் கொண்டாடுவதற்கு முன், ஏரோவுக்கு ஓட்டுப் போட்ட யாரையாவது ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.