பாம்பு கடித்தால் கயிற்றைத் தேடாதீர்கள்!

"பாம்பு கடித்துவிட்டது!" என்ற குரல் கேட்டதும் தோட்டத்தில் முதலில் தேடப்படும் பொருள் என்ன? கயிறு! அடுத்துத் தேடப்படுபவர் மந்திரிக்கிறவர். இரண்டுமே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கெடா, பெர்லிஸ் பக்கத்துப் பால்மரக் காடுகளில் அதிகமாகக் கடிக்கும் பாம்புகளுள் ஒன்று, மலாய்க்காரர்கள் 'காப்பாக் போடோ' என்றழைக்கும் விரியன் வகைப் பாம்பு. 'போடோ' என்றால் மடையன். ஆள் அருகில் வந்தாலும் ஓடாமல், சருகோடு சருகாகச் சுருண்டு கிடப்பதால் அந்தப் பெயர். தெரியாமல் மிதிப்பவர் கடி வாங்குகிறார்.

கடித்த இடம் வீங்கும், கொப்புளம் கிளம்பும். விஷம் உடலில் பரவினால், இரத்தத்தை உறைய வைக்கும் சத்து அழிந்துபோகும். ஈறு கசியும், எச்சிலில் இரத்தம் வரும். இந்நிலையில் பிளேடால் கீறினால் இரத்தம் நிற்குமா? கயிற்றால் இறுக்கினால் விஷம் ஒழிவதில்லை. நெடுநேரம் கட்டுண்ட கால்தான் இரத்த ஓட்டமின்றி அழுகும்.

"மந்திரித்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே!" என்பீர்கள். உண்மைதான். பினாங்கில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டேர் ரீட் குழுவினர் இப்பாம்பு கடித்தவர்களை ஆராய்ந்து 1963இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விஷம் ஏறவேயில்லை, அல்லது மிகச் சிறிதே ஏறியிருந்தது. அவர்கள் மந்திரிக்காமலே பிழைத்திருப்பார்கள். மீதிப் பாதியில் நம் வீட்டுப் பிள்ளை இருந்தால்?

அதைக் கண்டறிய ஆஸ்பத்திரியில் எளிய சோதனை உண்டு. சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராகும் இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆகவே டாக்டர் அருகிலிருக்க வேண்டும். வலி இல்லையென்று உடனே வீடு திரும்பாதீர்கள். சோதனையைத் திரும்பவும் செய்வது அவசியம்.

நாகமும் கட்டுவிரியனும் வேறு வகை. இமை சரியும், பேச்சுக் குழறும், மூச்சே நின்றுவிடலாம். வீக்கமில்லையே என்று இருந்துவிடலாகாது.

எந்தப் பாம்பானாலும் கடிபட்டவரைப் படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை, பலகை வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

கயிறு தேடும் நேரத்தில் வண்டியைத் தேடுங்கள், உயிர் பிழைக்கும்!